பாயின்ட் டூ ஒன் தவளை

தவளை பதினேழாவது தடவையாகத் தண்ணீரில் விழுந்தது.

தணிகாசலம் அந்த வீடியோ கேமைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் இரண்டு தட்டு தட்டினார். பட்டன் சந்திலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு மேஜைக் கண்ணாடியில் விழுந்தது. குங்குமம் கலந்த சந்தனம். பன்னீர் வாசனை வேறு.

"இன்னாண்ணா, ரத்தம் வருது?" என்று கதவருகே நின்ற டென்னிஸ் கேட்டான்.

"வாய மூடு. கதவையும் மூடு."

டென்னிஸ் கதவை மட்டும் மூடினான். அவன் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். வாய் மூடும் வழக்கம் அவனுக்குக் கிடையாது.

ஒரகடத்தில் காருக்கு டாஷ்போர்டு செய்கிற கொரியக் கம்பெனி அது. அந்த அறை பிளான்ட் ஹெட் சோ சாருடையது. அந்த கேமும் சோ சாருடையது. பத்து நாள் லீவில் சொந்த ஊருக்குப் போயிருந்த சோ சார் திங்கட்கிழமை காலை வருகிறார். இன்று வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. காலையில்தான் கம்பெனியில் ஆயுதபூஜை முடிந்திருந்தது. முடித்தவர் தணிகாசலம்தான்.

வருஷா வருஷம் பூஜை அவர் பொறுப்பு. பதவி என்னவோ ஹவுஸ் கீப்பிங் சூப்பர்வைசர், அதுவும் கான்ட்ராக்ட். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அவரைக் கேட்காமல் கம்பெனியில் ஓர் எலுமிச்சம்பழம்கூட நசுங்காது. பெரிய மோல்டிங் மெஷினில் ஆரம்பித்து ஃபோர்க்லிஃப்ட், கம்ப்ரஸர், கம்ப்யூட்டர், காபி மெஷின் என்று பொட்டு வைத்துக்கொண்டே போவார். எங்கே நிறுத்துவது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. இந்த வருஷம் வருகைப் பதிவு செய்கிற கைரேகை மெஷினின் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டார். முப்பது பேர் வேலைக்கு வந்தும் வராதவர்கள் ஆனார்கள்.

"ஏண்ணா, போயும் போயும் கேமுக்கு எதுக்குப் பொட்டு வச்ச?"

"பேட்டரி கீது, பட்டன் கீது, சார்ஜ்ல ஓடுது. மெஷின்னா மெஷின்தானேடா? விட்டா சாமி கோச்சுக்காது?"

"வெளிய வச்சிருக்கலாம்ல? நீ உள்ள ஊத்திக்கிற."

"காத்தால அவசரத்துல தண்ணியா கரைச்சிட்டேன்டா."

தண்ணியாகக் கரைத்தது முதல் தப்பு. மத்தியானம் அதைக் கவனித்து, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தது இரண்டாவது தப்பு. மேலே இருந்த மிச்சமும் உள்ளே போனது. வலது பக்கத்துப் பட்டன் கீழே போய் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெட்டிக்குள் அறுபது குட்டி விளையாட்டுகள் இருந்தன. சோ சார் ஆடுவது ஒன்றே ஒன்றுதான். குளத்தில் இரண்டு தாமரை இலை, இலைக்கொரு தவளை, நடுவில் ஒரு ஈ. ஈ சும்மா பறந்துகொண்டே இருக்கும். திடீரென்று சிவப்பாகும். அந்த நொடியில் பட்டனை அமுக்கினால் நம் தவளை நாக்கை நீட்டி ஈயைப் பிடிக்கும். எவ்வளவு நேரத்தில் பிடித்தது என்று செகண்டில் நூறில் ஒரு பங்கு வரை கணக்குச் சொல்லும். சிவப்பாவதற்கு முன்பே அமுக்கினால் நம் தவளை தொபுக்கென்று தண்ணீரில் விழும். எதிர்த்தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டால் வேறென்ன நடக்கும்? பதினேழு தடவையும் அதேதான் நடந்தது.

இதில் சோ சாரின் ரெக்கார்டு பாயின்ட் டூ ஒன். அது கம்பெனியில் கேன்டீன் மாஸ்டருக்குக்கூடத் தெரியும். மார்ச் மாதம் ஒரு நாள் அவர் அதை அடித்துவிட்டு சந்தோஷத்தில் "ஆஸா!" என்று போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து லைனில் இருந்த ஆறு பேர் வெளியே ஓடினார்கள். அன்று எல்லோருக்கும் குலாப் ஜாமூன். அதிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒண்ணே காலுக்கு, எச்.ஆர். மேனேஜர் ராஜசேகர் ஃபைல்களோடு சோ சார் அறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே "ஆஸா!" கேட்டால் ஃபைல் உள்ளே போகும். மேஜையைக் குத்துகிற சத்தம் கேட்டால் ஃபைல் திரும்பிப் போகும். ஏழு மாதமாக அந்தக் கம்பெனியின் நிர்வாகம் தவளை நாக்கில்தான் நடந்துவந்தது.

இப்போது அந்த மேஜையில், கேமுக்குப் பக்கத்திலேயே, ஒரு நீல ஃபைல் இருந்தது. இந்த வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களில் மூன்று பேரை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள். மூன்றாவது பெயர் தணிகாசலம். எட்டு வருஷம் காத்திருந்து வந்த பெயர். திங்கட்கிழமை சோ சார் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் என்ன என்பதற்கு உதாரணம் ரகு. போன வருஷம் பேன்ட்ரியில் இருந்தவன். இந்த கேமைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு அந்த இடத்தில் காபி கப்பை வைத்தான். இப்போது மறைமலை நகர் குடோனில் அட்டைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

"மனுஷன் ஊருக்குப் போறப்ப இதையும் எடுத்துக்கினு போவக் கூடாதா?" என்று தணிகாசலம் புலம்பினார்.

"பொலம்பாதண்ணா. ஏர் கன் எடுத்துக்கினு வரேன். ஒரே ஊது. உள்ள இருக்கிற சந்தனம் சிங்கப்பெருமாள் கோவில்ல போய் விழும்."

ஏர் கன் என்பது மெஷினில் ஒட்டிய தூசியைக் காற்றடித்து நீக்குகிற குழாய். டென்னிஸ் கொண்டுவந்து, பட்டன் சந்தில் வைத்து, ஒரே ஒரு ஊது ஊதினான்.

சந்தனம் எங்கேயும் போகவில்லை. பட்டன் போய்விட்டது.

டக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இருவரும் மேஜைக்கு அடியில், நாற்காலிக்கு அடியில், ஃபைல் ரேக்குக்கு அடியில் என்று மண்டியிட்டுத் தேடினார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வாட்ச்மேன் ஐயனார்.

"இன்னாபா, கொரியாக்காரன் ரூம்ல தோப்புக்கரணமா?"

"பேனா வுழுந்துடுச்சு."

"தேடு, தேடு. கேட்டுக்கு ஒரு பொட்டலம் எடுத்துக்கிறேன்."

ஆபீஸ் ஸ்டாஃபுக்கான பொரிப் பொட்டலங்கள் நாற்பது, வாய் கட்டாமல், சோ சாரின் சோபாவில்தான் அடுக்கியிருந்தன. ஏசி ரூமில் பொரி நமுத்துப்போகாது என்பது தணிகாசலத்தின் கொள்கை. ஐயனார் தாராளமான ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அரை மணி நேரம் தேடிய பிறகுதான் இருவரும் ஒரே சமயத்தில் சோபாவைப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது பொட்டலங்களையும் மேஜையில் கொட்டிச் சலித்தார்கள். பொரி இருந்தது, கடலை இருந்தது, வெல்லம் இருந்தது. பட்டன் இல்லை.

கேட்டுக்கு ஓடினார்கள். ஐயனார் நாற்காலியில் சாய்ந்து மென்றுகொண்டிருந்தவர், இவர்கள் வந்து நிற்கும்போது மெல்லுவதை நிறுத்தினார். முகம் சுருங்கியது. விரலை விட்டு வாயிலிருந்து எதையோ எடுத்தார்.

"இன்னா தணிகா, பொரில கல்லு கெடக்குது? பல்லே ஆடுது பாரு!"

"குடுண்ணா. குடு. கடைக்காரன் மூஞ்சில வுட்டெறியறேன்."

"கல்லு மாரியும் இல்லயே. பிளாஸ்டிக் மாரி..."

"இப்பல்லாம் கல்லுலயும் கலப்படம்ணா," என்று டென்னிஸ் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

பட்டன் நடுவில் ஐயனாரின் கடைவாய்ப் பல் அழகாகப் பதிந்திருந்தது. டென்னிஸ் அதை உப்புத்தாளால் தேய்த்து மழுப்பி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே இருந்த சந்தனத்தை எல்லாம் துடைத்து, பட்டனைப் பழையபடி பொருத்தினான். துளிப் பொட்டு இல்லை, துளி வாசனை இல்லை. அப்போதுதான் வாங்கியதுபோல இருந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"இரு, டெஸ்ட் பண்ணிப் பாக்குறேன்," என்றான் டென்னிஸ்.

"வேணாம். அப்படியே வச்சுட்டுப் போயிடலாம்."

"டெஸ்ட் பண்ணாம எந்த மெஷினையும் நான் ஹேண்ட் ஓவர் பண்றதில்லண்ணா."

ஈ பறந்தது. சிவப்பானது. டென்னிஸ் அமுக்கினான். பெட்டியிலிருந்து நாதஸ்வரமும் டிரம்மும் கலந்தது போல ஒரு சத்தம், திரை முழுக்க வாணவேடிக்கை. டென்னிஸ் ஏதோ எழுத்துகளைத் தட்டிவிட்டுப் பெருமையாக நீட்டினான். சோ சாரின் பெயரைக் காணோம். அந்த இடத்தில் டி, ஈ, என். பக்கத்தில் பாயின்ட் ஒன் நைன்.

தணிகாசலம் பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இன்னாடா பண்ண?"

"ரெக்கார்டுண்ணா. பேரு கேட்டுச்சு."

"கேட்டா?"

"சொன்னேன்."

"திருடப் போற வூட்ல பேரு கேட்டா சொல்லிட்டு வருவியா நீ?"

முதல் இடம் ஒன்றுதான். அதற்குக் கீழே பட்டியல் எதுவும் இல்லை. சோ சாரின் ஏழு மாதப் பெருமை போன இடம் தெரியவில்லை. திங்கட்கிழமை அவர் பெட்டியைத் திறந்ததும் டென்னிஸ் பெயர்தான் கண்ணில் படும். டென்னிஸ் எங்கே போனாலும் தணிகாசலம்தான் கூட்டிக்கொண்டு போயிருப்பார் என்பது கம்பெனிக்கே தெரியும்.

"இத அழிக்க வழி இருக்கும்ணா," என்று டென்னிஸ் மெனுவுக்குள் நுழைந்தான். அங்கே எல்லாம் கொரிய மொழியில் வட்டமும் கோடுமாக இருந்தது. தணிகாசலம் திரையை போட்டோ எடுத்து, சோ சாரின் மொழிபெயர்ப்பாளர் ஃபெபிக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். கொரிய மொழியை முறையாகப் படித்துப் பாஸ் செய்த பெண் அவள்.

ஒரு நிமிடத்தில் ஃபெபியே கூப்பிட்டாள்.

"அண்ணா, யாரோட கேம் இது?"

"சொந்தக்காரங்களுது மேடம். பாஷை புரியலன்னு அனுப்பினாங்க."

"சார்கிட்டகூட இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

"அப்படியா மேடம்? நான் பாத்ததே இல்ல."

"அதுல என்ன போட்டிருக்குன்னா, 'எல்லாத்தையும் அழிச்சிடலாமா? அழிச்சா திரும்ப வராது'ன்னு கேக்குது. வேணாம்னா இடது பக்கம் இருக்கிறத அமுக்கச் சொல்லுங்க."

தணிகாசலம் டென்னிஸைப் பார்த்தார். டென்னிஸ் வலது பக்கம் அமுக்கி ஏற்கெனவே இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அறுபது விளையாட்டும் பிறந்த குழந்தையாகிவிட்டன. ஒரே ஆறுதல், டென்னிஸின் பெயரும் போய்விட்டது. இனி யாராவது பாயின்ட் டூ ஒன் அடித்து, சோ சார் பெயரை அங்கே போட வேண்டும். டூ டூ அடித்தால் பரவாயில்லை, மறுபடி ஆடி மேலே போகலாம். டூ ஸீரோ அடித்துவிட்டால் தொலைந்தது. ரெக்கார்டு கீழே இறங்காது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டென்னிஸ் மறுபடி ஆடினான். பாயின்ட் ஒன் எய்ட். அழித்தார்கள். பாயின்ட் ஒன் நைன். அழித்தார்கள்.

"கொஞ்சம் மெதுவாதான் அமுக்கித் தொலையேன்டா!"

"வரலண்ணா. கரென்டுல வேலை பாக்குற கை. மெதுவா இருந்தா நான் உசுரோடயே இருந்திருக்க மாட்டேன்."

ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடியும் சைரன் ஊதியது. வேறு வழியில்லை, கேமை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கேட்டில் லஞ்ச் பாக்ஸைக்கூடத் திறந்து பார்க்கிற கம்பெனி அது. தணிகாசலம் பூஜைத் தட்டில் கேமை வைத்து, மேலே பொரியைக் கொட்டி, அதன் மேல் சரஸ்வதி படத்தைச் சாய்த்து, கற்பூரம் ஒன்றை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார்.

ஐயனார் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பொரி மட்டும் வேணாம்பா," என்றார்.

தணிகாசலத்தின் வீடு பென்னலூரில். சனிக்கிழமை பகல் முழுக்க அவரே ஆடிப் பார்த்தார். பாயின்ட் சிக்ஸ் த்ரீ. பாயின்ட் ஃபைவ் எய்ட். ஈ சிவப்பாவதைக் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை அதை யோசித்து, கட்டை விரலுக்கு உத்தரவு போடுவதற்குள் எதிர்த்தவளை ஈயைத் தின்று ஏப்பம் விட்டது. மாலைக்குள் கட்டை விரல் வீங்கி, பாயின்ட் ஃபோர் ஃபோர் வரை வந்து நின்றுவிட்டார்.

மனைவி மஞ்சுளா ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே பார்த்தாள்.

"இன்னாங்க இது? நாப்பத்தொரு வயசுல தவளை புடிக்கிற?"

விஷயத்தைச் சொன்னார். பர்மனென்ட் ஃபைல் என்றதும் மஞ்சுளாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எட்டு வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று அவரைவிட அதிகமாகப் பயந்தவள் அவள்தான்.

"குடு இப்டி," என்று வாங்கினாள்.

ஈ சிவப்பானது. பாயின்ட் ஒன் சிக்ஸ்.

தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். மஞ்சுளாவுக்கு செல்போன் கம்பெனியில் லைன் வேலை. பெல்ட்டில் ஓடி வருகிற பேனல்களில் கீறல் விழுந்ததை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அந்த விரலுக்கு ஈயாவது பேனலாவது.

அழித்தார்கள். பாயின்ட் ஒன் செவன். அழித்தார்கள். பாயின்ட் ஒன் சிக்ஸ். இடது கையில் ஆடச் சொன்னார். பாயின்ட் ஒன் எய்ட். சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் சொக்கும்போது ஆடச் சொன்னார். பாயின்ட் ஒன் செவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையும் அதே கதைதான். ஒரு தடவை அழிக்க மூன்று நிமிடம். எங்கே அமுக்குவது என்று ஃபெபி சொன்னதை வைத்தே தணிகாசலம் கொரிய மொழியில் இரண்டு வார்த்தை படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

"மெதுவா, மஞ்சுளா. கொஞ்சம் மெதுவா."

"யோவ், ஒம்போது வருஷமா வேகமா செய், வேகமா செய்னு சூப்பர்வைசர் கத்துறான். வூட்டுக்கு வந்தா மெதுவா செய், மெதுவா செய்னு நீ கத்துற. நான் எந்தக் கையிலதான் வாழறது?"

அவர் காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்துக் கும்பிட்டார். "வல்லக்கோட்டை முருகா, பாயின்ட் டூ ஒன் குடு. நடந்தே வரேன். கொறஞ்சும் வேணாம், கூடவும் வேணாம்."

"முருகனுக்கு டெசிமல் கணக்கெல்லாம் வருமா?" என்றாள் மஞ்சுளா.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். திடீரென்று சத்தம் போட்டுப் பார்த்தார். கையைத் தட்டிப் பார்த்தார். காதருகே தட்டைத் தட்டிப் பார்த்தார். லைனில் பழகிய காது அது, எதற்கும் அசையவில்லை. பாயின்ட் ஒன் செவன்.

தணிகாசலம் ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தார். முடிந்தது என்று தோன்றியது. மறைமலை நகருக்கு எந்த பஸ் போகும் என்றுகூட யோசித்துவிட்டார். அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்க எதையாவது பேச வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இன்னிக்கு வச்ச கருவாட்டுக் கொழம்பு நல்லா இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து ஈ சிவப்பானது. மஞ்சுளாவின் விரல் ஒரு கணம் தயங்கி அமுக்கியது.

பாயின்ட் டூ ஒன்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு! நவுராத! எதையும் தொடாத!" என்று தணிகாசலம் பெட்டியைப் பிடுங்கினார். வீங்கிய விரலால் சி, எச், ஓ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் போட்டார்.

மஞ்சுளா திரையைப் பார்க்கவே இல்லை.

"இன்னா சொன்ன?"

"வந்துடுச்சுன்னு."

"அதுக்கு முன்னாடி."

"எதுக்கு முன்னாடி?"

"கல்யாணமாகி பதினாலு வருஷத்துல மொத தடவை சொல்லிக்கிற. திருப்பிச் சொல்லு."

அவர் திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை மனதாரச் சொன்னார். அதற்கு ரெக்கார்டு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் ராத்திரிக்கும் அதே குழம்புதான் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே தணிகாசலம் கம்பெனிக்குப் போனார். கேம் எலுமிச்சை சாதத்துக்கு அடியில், பாலிதீன் கவரில், பத்திரமாகக் கேட்டைத் தாண்டியது. சோ சார் அறையில் அதை மறுபடி ஒரு தடவை துடைத்து, ஃபைலுக்குப் பக்கத்தில், எப்படி இருந்ததோ அப்படியே கொஞ்சம் கோணலாக வைத்தார். ஒரு கைரேகை இல்லை. எட்டு வருஷ சர்வீஸில் இவ்வளவு சுத்தமாக அவர் எதையும் துடைத்ததில்லை.

ஒன்பது மணிக்கு சோ சார் வந்தார். ஒரு மணிக்குச் சாப்பிட்டார். ஒண்ணே காலுக்குக் கதவு மூடியது. வெளியே ராஜசேகர் ஃபைல்களோடு நின்றார். அவருக்குப் பின்னால் தணிகாசலம் தரையில் இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டென்னிஸ் ஏணி போட்டு, எரிந்துகொண்டிருந்த நல்ல டியூப்லைட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஆஸா!" கேட்கவில்லை. மேஜையைக் குத்தும் சத்தமும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"இப்படி நடந்ததே இல்லையே," என்றார் ராஜசேகர்.

மணி அடித்தது. ஃபெபி உள்ளே போனாள். அரை நிமிடத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"தணிகாசலம் அண்ணா, சார் உங்களைக் கூப்பிடறார்."

ஏணியிலிருந்து டென்னிஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

உள்ளே சோ சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நீல ஃபைல் திறந்திருந்தது. பேனா மூடி கழற்றியிருந்தது. ஆனால் கையில் பேனா இல்லை, கேம்தான் இருந்தது. அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். பிறகு தணிகாசலத்தைப் பார்த்துக் கொரிய மொழியில் நீளமாகப் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே கம்ப்யூட்டரைக் காட்டினார், பிரின்டரைக் காட்டினார், காபி மெஷினைக் காட்டினார். கடைசியில் கேமை உயர்த்திப் பிடித்து, வலது பக்கத்துப் பட்டனைச் சுட்டு விரலால் இரண்டு தடவை தட்டினார். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாகத் தெரிந்தது.

மனுஷன் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார் என்று தணிகாசலத்துக்குப் புரிந்தது. ஃபெபி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மேடம், நீங்களே சொல்லிடுங்க மேடம். வேணும்னு பண்ணல. சந்தனம் உள்ள போயிடுச்சு, டெனிசு காத்தடிச்சான், பட்டன் பொரிக்குள்ள போயிடுச்சு, ஐயனாரு கடிச்சிட்டாரு. அதுல இருக்கிறது அவரு பல்லுதான், எலி இல்ல. ரெக்கார்டு அழிஞ்சு போச்சு. டூ ஒன்ன அடிச்சது சார் இல்ல மேடம், என் பொண்டாட்டி. அவளுக்கு அதவிட வேகமா வரும், சாருக்காக மெதுவா அடிச்சா. டெனிசுக்குச் சின்ன வயசு, அவன விட்ருங்க. என்ன மறைமலை நகருக்கு வேணா மாத்திக்கங்க, வேலைய மட்டும் எடுத்துடாதீங்க. எட்டு வருஷம் மேடம்."

மூச்சு வாங்கியது. கண் நிறைந்துவிட்டது. சோ சார் ஒன்றும் புரியாமல் ஃபெபியைப் பார்த்தார். ஃபெபி தன் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அதில் தணிகாசலம் சொன்னது எதையும் அவள் எழுதியிருக்கவில்லை. மெதுவாக அதை மூடினாள்.

"அண்ணா, நீங்க சொன்னது என் காதுல விழவே இல்ல, சார் கேக்கறது இவ்வளவுதான், 'பூஜையில வைக்கட்டும்னுதானே இதை மேஜை மேலயே விட்டுட்டு ஊருக்குப் போனேன், எல்லாத்துக்கும் பொட்டு வச்ச ஆள் என் தவளைக்கு மட்டும் ஏன் வைக்கல?'ங்கறார், இப்பவே எடுத்துட்டுப் போய் நல்லா சந்தனம் கரைச்சு வச்சுக் கொண்டுவரணுமாம், அதுக்கப்புறம்தான் கையெழுத்தாம்."